கறுக்காத எண்ணெய்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடசாமியும் மகன் மாரிமுத்துவும் சேர்ந்து எண்ணெய் இறக்கினார்கள். இஞ்சினுக்கு அடியில் தட்டை வைத்து, மாடசாமி மண்டியிட்டுத் திருகாணியைக் கழற்றினார். மகன் மேலே நின்று மூடியைத் திறந்தான். எண்ணெய் இறங்கியது. மஞ்சளாக, விளக்கெண்ணெய் போலத் தெளிவாக இறங்கியது.

மாரிமுத்து குனிந்து பார்த்தான். இரண்டு மாதம் ஓடிய எண்ணெய் அப்படி இருக்கக் கூடாது.

"எந்தப் பீப்பாயில இருந்து ஊத்துனீங்க?"

"பழைய பீப்பாதான். எப்படி இருக்கு பாத்தியா? தொட்டு நெத்தியில வச்சுக்கலாம்."

எல்கடுவ மலையில் அந்தத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை எல்லாரும் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அதன் உருளைகளையும் காற்றாடிகளையும் ஓட்டுவது ஒரே ஒரு டீசல் இஞ்சின். அது நின்றால் கொழுந்து புளிக்கும். கொழுந்து புளித்தால் மறுநாள் மலையில் பறிக்க ஆள் வேண்டாம். ஆள் வேண்டாம் என்றால் லயத்து வீடுகளில் யாருக்கும் பேர் விழாது; பேர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. எழுபத்துநான்காம் ஆண்டு அது. பேர் விழுந்த வீட்டிலேயே அடுப்பு ஒரு நேரம்தான் எரிந்தது.

மாடசாமி பதினாலு வயதில் ஸ்டோருக்கு விறகு பிளக்க வந்தவர். பழைய இஞ்சின் டிரைவர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது அந்த வேலை இவருக்கு வந்தது. இருபத்தாறு வருடம். இடது காது போய்விட்டது. வலது காதில் இஞ்சின் சத்தம் கேட்டால்தான் தூங்குவார். சத்தம் நின்றால் எழுந்து உட்காருவார். செய்ய வேண்டிய வேலையைச் சுவரில் சோக்கட்டியால் எழுதி வைப்பார். செய்து முடித்ததும் உள்ளங்கையால் துடைத்து அழிப்பார். அந்தச் சுவர் எந்நேரமும் வெள்ளை அப்பியபடியே இருக்கும்.

அறுபத்தொன்பதில் புது இஞ்சின் வந்தது. அதற்குப் பக்கவாட்டில் நத்தைக்கூடு போல ஒரு வார்ப்பு. வெளியேறும் புகை அதற்குள் ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் காற்றை இஞ்சினுக்குள் தள்ளும். டர்போ என்று புத்தகத்தில் போட்டிருந்தது. ஸ்டோரில் நத்தை என்றார்கள். அதோடு புது எண்ணெயும் பீப்பாயில் வந்தது.

புது எண்ணெய் மாடசாமிக்குப் பிடிக்கவில்லை. ஊற்றிப் பத்தே நாளில் கறுத்துவிடும். அவர் எண்ணெயைச் சோதிக்கும் முறை எல்லாருக்கும் தெரியும்: தோள் துண்டின் ஓரத்தில் ஒரு சொட்டு. மஞ்சள் கறை என்றால் நல்லது, கறுப்பு என்றால் கெட்டது. புது எண்ணெய் ஒவ்வொரு முறையும் கறுப்பாகவே நின்றது. அவரும் ஒவ்வொரு முறையும் இறக்கிக் கொட்டினார். வருடத்துக்கு என்று வந்த கடைசிப் பீப்பாய் நாலு மாதத்தில் காலி. பிறகு இறக்குமதி பெர்மிட் இல்லை, சாமான் இல்லை, கப்பல் இல்லை. மூலையில் கிடந்த பீப்பாயிலிருந்து பழைய இஞ்சினின் எண்ணெயை எடுத்து ஊற்றினார். அது கறுக்கவே இல்லை. அவருக்குச் சந்தோஷம்.

மாரிமுத்து கண்டியில் தொழில்நுட்பம் படித்து, மாத்தளையில் ஒரு வேர்க்ஷொப்பில் வேலை பார்த்தான். அவன் இஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு வழித்துக் காட்டினான். விரலில் தார் போல அப்பியிருந்தது.

"எண்ணெய் சுத்தமா இருக்குங்கிறீங்களே, அப்ப இது எங்கேருந்து வந்துச்சு?"

"பெரிய இஞ்சினீரு. கறுத்த எண்ணெய்தான் நல்ல எண்ணெயின்னா, அழுக்கு வேட்டி கட்டுனவன்தான் சுத்தக்காரனா?"

"எண்ணெய் வேட்டி இல்லப்பா. வேட்டி தொவைக்கிற தண்ணி. தண்ணி கறுத்தாத்தான் வேட்டி வெளுத்துச்சுன்னு அர்த்தம். உங்க தண்ணி கறுக்கவே இல்ல. அழுக்கெல்லாம் உள்ளேயே நிக்குது."

மாடசாமி துண்டின் ஓரத்தைப் பார்த்தார்.

அவன் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நத்தையின் தண்டு நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்றுச் சுற்றுகிறது, அதைத் தாங்குவது நூல் கனத்துக்கு எண்ணெய் மட்டும்தான், அந்தச் சூட்டில் இந்த எண்ணெய் தீய்ந்து கரியாகும் என்றெல்லாம் சொன்னான். கடைசியில், "ஒரு வருஷத்து எண்ணெயக் கொட்டிட்டு, ஊரு வயித்துல மண்ணள்ளிப் போடப் பாக்குறீங்க" என்றான்.

பலாபத்வல சந்தியில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த அப்துல் ஸமத்திடம் புது எண்ணெய் இரண்டு டின் இருந்தது. மாரிமுத்து முந்தின வாரமே பேசி வைத்திருந்தான். மாத்தளையிலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரம். அவனே போய் எடுத்து வந்திருக்கலாம்.

"நீங்களே போய் எடுத்துட்டு வாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை தோட்டத்து லொறி கீழ போவுமில்ல" என்று சொல்லிவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தான். வேறு வழியில்லாமல் பழைய எண்ணெயையே ஊற்றியிருந்தார்கள். ஒரு வாரம்தானே.

வியாழக்கிழமை காலை மாடசாமி லயத்து வாசலில் உட்கார்ந்து கோட்டு மாட்டிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்தார். ஒரு கைதான் கோட்டுக்குள் போயிருந்தது. தோட்டத்து மருந்துக்கார டிஸ்பென்சர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

சாவு வீட்டில்தான் விஷயம் வெளியே வந்தது. ஸ்டோர் ஆள் ஒருவர் மாரிமுத்துவின் அம்மா வேலம்மாவிடம், "வீட்டுல ரொட்டி தின்னுட்டு வந்தேம்பாரே தெனமும்" என்றார். வேலம்மா, "எங்கிட்ட ஸ்டோர்ல திங்கிறேன்னு சொன்னாரே" என்றாள். அவர் இரண்டு இடத்திலும் தின்னவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பாடை புறப்பட்டது. மாரிமுத்து தலை மழித்து, ஈர வேட்டியோடு தீச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பாதை ஸ்டோரை ஒட்டிப் போகிறது. உள்ளே முழுப் பாரத்தில் இஞ்சின் ஓடியது. நத்தையின் கூச்சல் தப்பு மேளத்தையும் மீறிக் கேட்டது.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டோர் ஆள் செத்தால், பாடை வாசலைத் தாண்டும்போது மெஷினை நிறுத்தி மரியாதை செய்வார்கள்.

மாடசாமி எப்போதும் இஞ்சினை ஒரேயடியாக நிறுத்த மாட்டார். பாரத்தைக் கழற்றிவிட்டு ஒரு பீடி முடியும் வரை சும்மா ஓடவிடுவார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. "ஏர் உழுத மாட்ட ஒடனே கட்டுனா அது நெஞ்சடைச்சுப் போவும்" என்பார். தவறான எண்ணெயோடு நத்தை இரண்டு மாதம் பிழைத்தது அந்தப் பீடியால்தான். மாரிமுத்துவுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

பாடை வாசலுக்கு வந்தது. மாற்று ஆள் உள்ளே கைப்பிடியை இழுத்தார். இஞ்சின் சட்டென்று நின்றது. ஸ்டோர் பொறுப்பாளர் டீமேக்கர் ஐயா தொப்பியைக் கழற்றி வாசலில் நின்றார். மேளமும் அடங்கியது. அந்த அமைதியில் நத்தை மட்டும், இஞ்சினோடு எண்ணெய் வரத்தும் நின்றுபோக, தனியாகச் சுற்றிச் சுற்றித் தேய்ந்து ஓய்வது அவன் காதில் விழுந்தது. எண்ணினான். இருபத்திரண்டு வினாடி.

தீச்சட்டி தூக்கியவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் திரும்பவில்லை.

"பாத்தியா தம்பி, ராசாவுக்குக் கெடைக்காத மரியாதை" என்று பின்னால் யாரோ அழுதார்கள்.

அன்று மீதிப் பொழுதுக்கும் ஸ்டோரை மூடினார்கள். கொள்ளி வைத்தவன் தீட்டோடு ஸ்டோருக்குள் போக முடியாது. நான் பார்க்கும்வரை இஞ்சினைத் தொட வேண்டாம் என்று அவன் ஆள் விட்டான். டீமேக்கர் நல்ல மனிதர்தான். "பரண் முழுக்கக் கொழுந்து வாடிக் கெடக்கு. நான் என்ன செய்ய? அடுத்த வாரம் சனங்களுக்குப் பேர் வேணாமா?" என்று பதில் வந்தது.

சனிக்கிழமை காலை அவன் சுடலையில் சாம்பலுக்குப் பால் தெளித்துக்கொண்டிருந்தான். மேலே இஞ்சின் கிளம்பியது. ஓடியது. பாரம் ஏறியது. பத்து மணிவாக்கில் தகரத்தைக் கிழிப்பது போல ஒரு சத்தம். பிறகு கரும்புகை மரங்களுக்கு மேலே எழுந்தது. பிறகு ஒன்றுமில்லை.

காரியம் முடிந்த பிறகு நத்தையைத் திறந்தது அவன்தான். தண்டு நீலம் பாய்ந்து, கரி பிடித்து, கூட்டோடு ஒட்டிக் கிடந்தது. சக்கரத்தின் இதழ்கள் பாதி இல்லை. புதுசு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எட்டு மாதம் என்றார்கள், பெர்மிட் கிடைத்தால். கொழுந்தைப் பக்கத்துத் தோட்டம் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. லயத்தில் இரண்டு நாள் பேர். மற்ற நாட்களில் பெண்கள் காட்டில் கீரையும் கிழங்கும் தேடினார்கள்.

தோட்டத்து ஒப்பீஸ் அவனிடம் எழுத்தில் காரணம் கேட்டது. தவறான எண்ணெய், சூட்டோடு நிறுத்தியது என்று இரண்டு வரி எழுதினான். யார் என்ற இடத்தை வெறுமையாக விட்டான்.

அன்று பின்னேரம் பலாபத்வலவுக்குப் போனான். அப்துல் ஸமத் டின்களைப் பலகைக்கு அடியிலிருந்து இழுத்துக் காட்டினார்.

"தம்புள்ளை லொறிக்காரன் ஒருத்தன் ரெண்டு தரம் கேட்டான் தம்பி. நான் குடுக்கல்ல. ஒங்கட அப்பா புதன்கிழமை பஸ் கண்டக்டர்ட்ட சொல்லி அனுப்பியிருந்தாரே."

"என்னன்னு?"

"ஞாயித்துக்கிழமை கட்டாயம் வாரன், வேற யாருக்கும் குடுத்துடாதீங்க, அது வேட்டி தொவைக்கிற எண்ணெய்ன்னு. எனக்கு வெளங்கல்ல. கண்டக்டர் சிரிச்சான்."

மாரிமுத்து டின்களை எடுக்கவில்லை. அந்த லொறிக்காரனுக்கே கொடுத்துவிடச் சொன்னான்.

சாவியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இஞ்சின் அறைக்குள் ஒருமுறை போனான். ஆணியில் துண்டு தொங்கியது. மூலையில் இரண்டு வெறும் டின்கள், மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, காயக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சுவரில் துடைத்துத் துடைத்து வெளுத்த இடத்தின் நடுவே ஒரே ஒரு வரி. கோணல் எழுத்து.

ஞாயிறு. பலாபத்வல. நல்ல எண்ணெய்.