சண்டைக்கு ஓர் ஆள்

பல் செட்டு செய்பவரின் மேசையில் மெழுகும் பிளாஸ்டர் அச்சுகளும் ஒரு பக்கம், மீன் தொட்டி மறுபக்கம். தொட்டியில் குள்ள சிக்லிட் மீன்கள் ஒரு ஜோடி. பெண் மீன் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. முட்டையிட்டதும் உடம்பெல்லாம் மஞ்சளாகிவிடும். கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆண் மீனை மூலை மூலையாகத் துரத்திவிட்டு, கடைசியில் தன் முட்டைகளைத் தானே தின்றுவிடும். அமைதி கிடைக்கட்டும் என்று முன்பு கூட இருந்த மற்ற மீன்களையெல்லாம் அவர் அப்புறப்படுத்திப் பார்த்தார். பயனில்லை.

“இந்தத் தடவையும் தின்னுச்சுன்னா தொட்டி என் தம்பி வீட்டுக்குப் போயிடும், சொல்லிட்டேன்,” என்றாள் மனைவி.

மச்சினி சிரித்தாள். “அத்தான், அதுக்கு வெளியாளுன்னு யாருமே இல்ல. அதான் புருஷன் மேல பாயுது. பக்கத்து வீட்டோட சண்டை வந்தப்புறம் அக்கா உங்கள எவ்வளவு நல்லா கவனிச்சுக்கறா!”

“உனக்கு வாய் ரொம்ப நீளம்டி,” என்றாள் அக்கா.

அவரும் சிரித்தார். ஆனால் அந்தப் பேச்சு மனதில் ஒட்டிக்கொண்டது. அடுத்த முறை தொட்டிக்குள் கவிழ்த்து வைத்திருந்த சிறு மண்சட்டிக்குள் முட்டைகளைக் கண்டதும் நாலைந்து டெட்ரா மீன்களைத் தொட்டியில் விட்டார். மஞ்சள்காரி அவற்றின் மேல் பாய்ந்தாள். ஆணும் கூடவே பாய்ந்தது. முட்டைகளை யாரும் தொடவில்லை.

சில நாள் கழித்து மனைவி கண்ணாடியில் விரல் வைத்தாள். “என்னங்க, தூசி நீந்துது?”

“தூசி இல்ல, குஞ்சு.”

மஞ்சள்காரி அந்த விரலை நோக்கிச் சீறி வந்து கண்ணாடியில் முட்டினாள். மனைவி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“ஏய், யார்கிட்ட! தொட்டி இங்கேயே இருக்கட்டுங்க. இவள நான் பாத்துக்கறேன்.”