மச்சில் ஊறிய தண்ணீர்

1930களில் ஃபயர் என்ஜினில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் போன முதல் தீ, உறையூர் நெசவாளர் தெருவில். சித்திரை மாதத்து நடுப்பகல். கோவிந்தன் என்பவரின் வீட்டுக் கீற்றுக்கூரை முழுக்க எரிந்துகொண்டிருந்தது. முன்பக்கம் சரிந்த கூரை வாசலை அடைத்திருந்தது.

கோவிந்தன் எங்கள் ஃபோர்மேன் சவரிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பின் ரூம்ல என் பொஞ்சாதியும் தங்கச்சி ராசாத்தியும் இருக்காங்க. கூப்பிட்டா பதில் சொல்றாங்க."

அந்த அறைக்கு மச்சு உண்டு. பனங்கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே வைக்கோல் கலந்த களிமண்ணைக் கனமாகப் பூசியிருந்தார்கள். அதற்கு மேலேதான் கீற்று. சுவரில் இருந்த காற்றுத் துளை வழியாக மனைவி செல்லம்மாள் பேசினாள்.

"புகைதாங்க வருது. சூடு அவ்வளவா இல்லை."

ஃபோர்மேன் ஹோஸை மேலே திருப்பச் சொன்னார். தீ தணிந்தது. தெருவே பெருமூச்சு விட்டது. அப்போது செல்லம்மாள் மறுபடி சொன்னாள்: "மேலேருந்து சேறு விழுதுங்க."

ஃபோர்மேன் முகம் மாறிவிட்டது. "தண்ணிய நிறுத்துங்க. மச்சு ஊறிப்போச்சு. கட்டையும் கருகியிருக்கும், பாரம் தாங்காது. பின்சுவத்த உடைங்க."

நானும் இன்னொருவரும் கடப்பாரையால் குத்தினோம். செங்கல் சுவராக இருந்தால் பெயர்ந்து விழும். இந்த மண்சுவரில் வைக்கோல் மண்ணை விடாமல் பிடித்திருந்தது. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு பிடி மண்தான் வந்தது. ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்ததும் உள்ளே செல்லம்மாள், "நீ முதல்ல போ ராசாத்தி" என்பது கேட்டது. ராசாத்தியை இழுத்து வெளியே போட்டுவிட்டு நான் மறுபடி கையை நீட்டினேன். விரல்கள் தட்டுப்பட்டன. மச்சு இறங்கிவிட்டது.

சேற்றைத் தோண்டி எடுத்தபோது செல்லம்மாள் உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை.

"நெருப்புலேருந்து தப்பிச்சவ எப்படிங்க செத்தா?" என்று கோவிந்தன் கேட்டார். ஃபோர்மேன் மறைக்கவில்லை. "நாங்க ஊத்துன தண்ணியிலங்க" என்றார்.

அதன் பிறகு மண்வீட்டில் தீ என்றால், மச்சு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்போம். இருந்தால், உள்ளே ஆள் இருக்கும்வரை அதன்மேல் தண்ணீர் படக் கூடாது. பக்கத்து வீட்டுக் கூரைகளை நனைத்துக்கொண்டே பின்சுவரை உடைக்க வேண்டும்.

சில வருஷம் கழித்துப் பாலக்கரையில் அப்படியே செய்தோம். "தண்ணிய வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்குறானுங்க" என்று கூட்டம் எங்களைத் திட்டியது. ஒருவன் கல்லெறிந்தான். திரும்பிப் பார்க்க நேரமில்லை. உள்ளே இருந்த மூன்று பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.