சத்தம் புகாத கதவு

போன சனிக்கிழமை காலை, என் மாடி அறைக் கதவு கடைசியில் சரியாக மூடிக்கொண்டது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. எழுதக் கை வரவில்லை.

வீட்டிலேயே சத்தம் புகாத அறை கட்டுகிறேன் என்று இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் பெருமையடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். கிராமபோன் பிளேட்டில் குரல் பதியும் மெஷின் ஒன்று வாங்கியிருந்தேன். பாடப் போகிறவர் தாவூது அண்ணன்.

அண்ணன் சூலியா தெருவில் தொப்பிக் கடை வைத்திருந்தவர். பெயர் வாங்கிக் கொடுத்தது என்னவோ குரல்தான். அவர் பாடாத கல்யாண வீடு பினாங்கில் உண்டா? கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, நாகப்பட்டினத்துக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். போவதற்குள் அந்தக் குரலைப் பிடித்து வைக்க வேண்டும் — என் ஆசை அவ்வளவுதான்.

சுவர் எளிது. பலகைகளுக்கு நடுவே தேங்காய் நாரைத் திணித்தேன், முடிந்தது. கதவுதான் படுத்தி எடுத்தது. அடியில் ஒரு நூல் சந்து இருந்தால் போதும்... ரிக்‌ஷா மணி, டிராம், மீ என்கிற சீனச் சேமியா விற்பவரின் மூங்கில் தட்டல் எல்லாம் உள்ளே வந்துவிடும். சட்டத்தைச் சுற்றிக் கம்பளி ஒட்டினேன். அதன்மேல் சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி அடித்தேன். சாதாரணத் தாழ்ப்பாளுக்கு ரப்பர் அமுங்கவில்லை. கதவு லேசாக ஆடியது.

மூன்று முறை அண்ணன் பாட வந்தார். மூன்று முறையும் திருப்பி அனுப்பினேன்.

"மணிச் சத்தம் விழுந்தா விழட்டும்லா, தம்பி. ஊர்ல கேக்குறவங்களுக்குப் பினாங்குன்னு தெரியும்."

"கதவு முடியட்டும், அண்ணே."

"அதுக்குள்ள எனக்குக் கப்பல் வந்துடும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை மாலை கப்பல். காலை பத்து மணிக்கு வந்து பாடுவதாக ஏற்பாடு. முதல் நாள்தான் ஒரு பழைய ஐஸ் பெட்டியின் பிடி கிடைத்திருந்தது. இழுத்து அமுக்கினால் கதவைச் சட்டத்தோடு இறுக்கிவிடும். எட்டரைக்கு அதைப் பொருத்தி, உள்ளே போய் இழுத்தேன்.

தெரு காணாமல் போயிற்று. என் மூச்சு எனக்கே கேட்டது. நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, அந்த அமைதியை அனுபவித்தேன். அரை மணி நேரமா, அதற்கு மேலா... சொல்லத் தெரியவில்லை.

கதவைத் திறந்தபோது, கீழ் வீட்டுக் கதீஜா அக்கா படியேறி வந்துகொண்டிருந்தார்.

"தாவூது அண்ணன் இப்பத்தான் போறாரு, தம்பி. கப்பல் முன்னாடியே கெளம்புதாம். பத்து மணிக்கெல்லாம் ஏறிடணுமாம்."

"இங்க வந்தாரா?"

"ரொம்ப நேரம் தட்டினாரு. பாட்டுக் கேட்டா தொறப்பீங்கன்னு, இந்தப் படியிலேயே உக்காந்து பாடினாரு. முழுப் பாட்டு. அழுதுட்டேன் தம்பி. நீங்க உள்ள மெஷின்ல பிடிக்கிறீங்கன்னு, பிள்ளைங்களைக்கூடச் சத்தம் போட விடல."

துறைமுகத்துக்கு ஓடினேன். ஆட்களை ஏற்றிக்கொண்டு படகு போய்விட்டிருந்தது. தூரத்தில் நின்ற கப்பலில் யார் யார் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் கையை ஆட்டினேன்.

மூன்று முறை வந்த மனிதரை உட்காரவைத்துப் பாடச் சொல்லியிருந்தால்? நாலைந்து ரிக்‌ஷா மணிச் சத்தம் விழுந்திருக்கும். பாட்டும் விழுந்திருக்கும். குறையே இல்லாமல் செய்யவேண்டும் என்று கிளம்புகிற நம்மைப் போன்றவர்கள், கடைசியில் செய்யாமலே விட்டுவிடுகிறோம். அதற்குக் கவனம் என்று வேறு பெயர் வைத்துக்கொள்கிறோம்.

மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வரக் கப்பல் வர வேண்டும்.

எதிர்ச் சலவைக் கடை முத்து, அண்ணன் படியில் பாடியதை அன்று வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாராம். நேற்று அவரிடம் போய், "அந்தப் பாட்டை எனக்குக் கொஞ்சம் பாடிக் காட்டுங்க, அண்ணே" என்றேன். கூச்சப்பட்டார். பிறகு பாடினார். சுருதி இல்லை, பாதி வார்த்தை தப்பு.

கடைசி வரைக்கும் நின்று கேட்டுவிட்டு வந்தேன்.