கட்டை வைத்து அளந்த கூரை

புனிதாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பம் அவள் ஊர். அப்பா, சித்தப்பா எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். அங்கே மற்றப் பெண்கள் வலை முடைய உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் அசைய மாட்டார்கள். இவளோ நாலு கண் முடைவாள், எழுந்து தண்ணீர் குடிப்பாள், இன்னும் நாலு முடைவாள், படகு வந்துவிட்டதா என்று கரைக்கு ஓடிப் பார்த்துவிட்டு வருவாள். இவள் காலில் சக்கரத்தைக் கட்டி அனுப்பிவிட்டான் ஆண்டவன் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் முடைந்த வரைக்கும் வலையில் ஒரு குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கல்யாணமாகித் திண்டிவனத்துக்கு வந்த பிறகும் அந்தக் கால் நிற்கவில்லை. புருஷன் வீரமுத்து லாரி டிரைவர்; வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பதுதான் அதிகம். இவள் உப்பளத்துக்குப் போய்ப் பார்த்தாள், காலெல்லாம் புண்ணாகிவிட்டது. தையல் கம்பெனிக்குப் போனாள். நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார் என்றால் நடக்கிற காரியமா? அதையும் விட்டுவிட்டுக் குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதிக்கு அறை துடைக்கப் போனாள். அங்கேதான் ஒருநாள் தலையைத் தூக்கியவள், விடுதிக் கூரைமேல் சவுரிராயன் மேஸ்திரி ஆட்களோடு ஷிங்கிள்ஸ் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். காற்று, வெயில், உயரம், ஓயாத ஏற்றமும் இறக்கமும். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஆள் வேண்டுமா என்று கேட்டே விட்டாள்.

ஷிங்கிள்ஸ் என்றால் ஓடு இல்லை. தார் ஏற்றி, மேலே பொடிக்கல் ஒட்டிய கனமான அட்டை. சரிவுக் கூரையில் பலகை அடித்து, அதன்மேல் கீழிருந்து வரிசை வரிசையாக, மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்படி ஆணி அடிப்பார்கள். ஒவ்வொரு வரிசையிலும் வெளியே தெரிகிற அளவு ஒன்றுபோல இருக்கவேண்டும். கோணினால் பார்க்கவும் சகிக்காது, மழைத் தண்ணீரும் வழி கண்டுபிடித்துவிடும். அதற்காக நீலப் பொடி தோய்ந்த நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, பலகைமேல் சுண்டிக் கோடு போடுவார்கள். ஒரு முனையை ஹெல்பர் பிடிக்க, மறுமுனையில் மேஸ்திரி சுண்டுவார்.

ஹெல்பர் முனையைத்தான் புனிதா வருஷக் கணக்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு பக்கம் போடட்டுமா என்று அவள் கேட்காத சைட் இல்லை. அவளுக்குப் பின்னால் வந்த அலெக்ஸ் ஒரே வருஷத்தில் சின்ன மேஸ்திரி ஆகிவிட்டான். அதைச் சொல்லிக் காட்டினால், அவன் ஆம்பிளை, ஏறி இறங்குவான் என்பார் சவுரிராயன். இவள் மட்டும் என்ன, ஏணிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாளா? பற்றிக்கொண்டு வரும் அவளுக்கு.

போன ஆனி மாதம் திண்டிவனத்திலேயே, மரக்காணம் ரோட்டில் ஒரு வீட்டுக் கூரை வேலை. முன்பக்கச் சரிவை மேஸ்திரியும் அலெக்ஸும் முடித்த சமயம் பார்த்து விக்கிரவாண்டியில் ஓர் ஓட்டல் கூரை அவசரமாக வந்து சேர்ந்தது. இரண்டு பேரும் அங்கே போயாக வேண்டும். சவுரிராயன் பின்பக்கச் சரிவை ஒரு தரம் பார்த்தார், புனிதாவை ஒரு தரம் பார்த்தார்.

"பின்பக்கத்த நீ போட்டுக்கினு இரு. நல்லா வந்துச்சின்னா அடுத்த சைட்லருந்து நீ ஹெல்பர் இல்ல, மேஸ்திரி" என்றார்.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். வீரமுத்துவுக்குப் போன் போட்டு, அவன் எடுப்பதற்குள் அவளே வைத்துவிட்டாள். இன்னும் போடாத கூரையைப் பற்றி என்னவென்று சொல்வது?

துணைக்கு வடிவு இருந்தாள். வடிவும் ஹெல்பர்தான், குயிலாப்பாளையத்துக்காரி. வீடு பற்றி எரிந்தாலும் கையிலிருக்கும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அவளை இழுத்துக்கொண்டு விடிந்ததும் விடியாததுமாகப் புனிதா கூரையேறிவிட்டாள்.

அளவுக்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். வலை முடையும்போது எல்லாக் கண்ணும் ஒரே அளவாக வர, ஒரு சின்ன மூங்கில் பட்டையை வைத்துக்கொண்டு முடைவார்கள். அதே யோசனைதான். வெளியே தெரியவேண்டிய அளவுக்கு ஒரு மரக்கட்டையை அறுத்துக்கொண்டாள். கோட்டின்மேல் கட்டையை நிறுத்தி, அதன் தலையில் பென்சிலால் ஒரு குறி. அடுத்த வரிசைக்கு அந்தக் குறியின்மேல் கட்டையை வைத்து இன்னொரு குறி. இடது ஓரத்தில் போட்டுவிட்டு வலது ஓரத்துக்கு ஓடுவாள். வடிவு நூலைப் பிடிக்க, புனிதா சுண்டினாள். முதல் நீலக் கோடு விழுந்தபோது அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நான் சுண்டியது, நான் சுண்டியது என்று வாய்விட்டே சொன்னாள். வடிவு, சரி, ஆணியை எடு என்றாள்.

என்ன வேகம்! மத்தியானச் சாப்பாட்டைக்கூடக் கூரைமேலேயே முடித்தார்கள். வரிசை ஏறிக்கொண்டே போனது. மூன்றாம் நாள் சாயங்காலம் முகடு கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. புனிதா நிமிர்ந்து பார்த்தாள். இடது ஓரத்தில் கடைசி வரிசைக்கும் முகட்டுக்கும் நடுவே நாலு விரல் இடம் இருந்தது. வலது ஓரத்தில் இரண்டு விரல்தான்.

அளவு டேப்பை எடுத்துக்கொண்டு அடிவரைக்கும் இறங்கினாள். கீழே சரியாக இருந்தது. நடுவில் ஒரு விரல் வித்தியாசம். மேலே போகப் போகக் கூடிக்கொண்டே வந்தது. இடப் பக்கம் வசதியாக உட்கார்ந்து, பென்சில் கோட்டின் நடுவில் கட்டையை வைத்திருக்கிறாள். வலப் பக்கம் ஓரத்துக்கு எக்கி, கோட்டின் மேல்விளிம்பில் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு தரமும் ஒரு மயிரிழைதான் பிசகு. அந்தப் பிசகின் மேல் அடுத்த பிசகு, அதன் மேல் அடுத்தது. வலையில் ஒரு கண் கொஞ்சம் பெரிதானால் என்ன கெட்டுப்போயிற்று, தண்ணீரில் இழுபட்டு எல்லாம் ஒன்றாகிவிடும். கூரையில் போட்டது போட்டதுதான்.

வடிவு பார்த்துவிட்டு, முகட்டுக்கு மேலே இரண்டு பக்கமும் மடிகிற பட்டி வைத்து மூடத்தானே போகிறார்கள், பேசாமல் இரு என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. புனிதா இறங்கிக் கொல்லைப்பக்கம் நின்று பார்த்தாள்; தெரியவில்லை. வேலியோரம் போய்ப் பார்த்தாள்; தெரியவில்லை. மறுபடி ஏறினாள், மறுபடி இறங்கினாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த சைட்டில் மேஸ்திரி. வாயைத் திறந்தால் ஆயுசுக்கும் நூல் முனைதான். இருந்தும் அவளால் இருக்க முடியவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போய், வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, அங்கேயே நின்று சவுரிராயனுக்குப் போன் போட்டாள். கோணிப்போச்சு அண்ணா என்றாள். காலையில் வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

காலையில் பைக்கை நிறுத்தியவர் நேரே கூரைமேல் ஏறினார். இடது ஓரம் பார்த்தார், வலது ஓரம் பார்த்தார், கட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தப் போகிறார், காது கிழியப் போகிறது என்று காத்திருந்தாள் புனிதா. சவுரிராயன் கட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"வுடு புனிதா, பின்பக்கம்தான. பட்டிய இடதுபக்கம் கொஞ்சம் எறக்கி வெச்சி மூடிடலாம். நீ இவ்ளோ போட்டதே பெருசு."

தோளில் தட்டாத குறைதான். அப்படியொரு கனிவு அந்தக் குரலில். வடிவு, நான் சொல்லவில்லையா என்பதுபோல் பார்த்தாள். புனிதாவுக்கு அந்தக் கனிவு கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பின்பக்கம் என்பதால்தான் கொடுத்திருக்கிறார். கோணும் என்று தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது; அழவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்கண்ணா. இத அலெக்ஸ் போட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க?"

பொய் சொல்ல வராத மனுஷன் சவுரிராயன். "மேல இருக்கற பத்து வரிசையயும் பிரிடா, அப்பறம் பேசிக்கலாம்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

புனிதா ஆணி பிடுங்குகிற சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் முகட்டோரம் குந்தினாள். முதல் ஆணி வரவில்லை. இரண்டு கையாலும் நெம்பினாள். கிர்ரென்று ஷிங்கிள் கிழிந்து கையோடு வந்தது. அதைக் கீழே எறிந்துவிட்டு அடுத்ததில் கை வைத்தாள். இரண்டாவது வரிசையில் மூன்று ஷிங்கிள் ஒன்றாகக் கிழிந்தபோது மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. ஆரம்பித்தார் பாருங்கள்! நல்ல சரக்கைக் குப்பையாக்கிவிட்டாய், மூன்று நாள் வேலை நாசம், கண்ணை எங்கே வைத்திருந்தாய், கட்டை வைத்து அளக்க இது என்ன பிள்ளைகள் விளையாட்டா என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். அலெக்ஸைத் திட்டுகிற அதே திட்டு. ஒரு வார்த்தை குறையவில்லை.

"கீழ ஒருதரம் டேப்ப மாட்டனா, மேல மொகடு வரைக்கும் எல்லாக் குறியையும் போட்டுட்டுத்தான் எடுக்கணும். இது கூடவா தெரியாது ஒனக்கு? இத்தினி வருசம் கூடவே இருந்து இன்னாத்த கத்துக்கின?"

புனிதா சுத்தியலோடு திரும்பினாள். "நீங்க குறி போட்டு நான் எப்ப பாத்தேன்? குறி போட்ற நேரத்துக்கெல்லாம் எங்க ரெண்டு பேரையும் ஷிங்கிள்ஸ் பண்டல் தூக்க அனுப்பிடுவீங்க. தூக்கிக்கினு மேல வந்தா குறி இருக்கும். யாரு போட்டது, எப்பிடிப் போட்டதுன்னு எனுக்கு யாரு சொன்னா?"

சவுரிராயன் இடுப்பிலிருந்த டேப்பைத் தொட்டபடி நின்றார். யோசித்துப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. விடுதிக் கூரையிலிருந்து இந்த வீடு வரைக்கும் அப்படித்தான் நடந்திருந்தது. ஆனாலும் திட்டுவதை நிறுத்தவில்லை. பிரிக்கிறதை ஒழுங்காகப் பிரி, பலகையைக் குத்தாதே என்று அதட்டினார். பத்தாவது வரிசை வந்து பலகை தெரிந்ததும், கூரையின் அடி ஓரத்துக்கு இறங்கி டேப்பின் கொக்கியை மாட்டினார்.

கீழே வடிவு, புது பண்டல் ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஏணியில் கால் வைத்திருந்தாள். அதை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு மேலே வரச் சொன்னார் மேஸ்திரி. எதற்கு என்று கேட்டாள் வடிவு. வா என்றால் வா என்றார். அவள் ஆடி அசைந்து வந்து சேரும் வரைக்கும் டேப்பை இழுக்காமல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டு பேரும் பார்க்க எல்லாக் குறியும் போட்டு, அன்றைக்கு ஆணி அடிக்க ஆரம்பித்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.