ஸ்டாவ்ரோவின் சொறி

இருபத்தொன்பது வருடம் அந்த வீட்டில் வேலை பார்த்தும் மெலூசி அதன் கூடத்தில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. துடைக்கப் போவார், பெருக்கப் போவார், ஜன்னல் சாத்தப் போவார். செருப்பைச் சமையலறை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய், வேலை முடிந்ததும் அதே வழியாகத் திரும்பி வந்துவிடுவார். அவருடைய இடம் தோட்டத்துக் கடைசியில் இருந்த ஒற்றை அறை. சிவப்பு மெழுகு போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கலாம் போல் வைத்திருந்த சிமெண்ட் தரையும், ஒரு கட்டிலும், ஒரு அடுப்பும் அதில் இருந்தன. மனைவி செத்து ஆறு வருடம் ஆகிறது. மகன்கள் இருவரும் எல்லைக்கு அப்பால் ஜோபர்க் நகரத்தில் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்வார்கள், வரமாட்டார்கள்.

எங்கள் புலவாயோவில் பிறந்தவர் யாராக இருந்தாலும் கடைசியில் ஜோபர்க் போய்ச் சேருவார் என்பது ஊரறிந்த விதி. ஜூலை மாதம் அந்த வீட்டு எஜமானி வ்ரெட்டோஸ் அம்மாளும் போய்ச் சேர்ந்தார். எண்பத்தொரு வயது கிரேக்க விதவை. குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு விலகியதும் மகன் தானாஸி வந்து கையோடு கூட்டிப் போய்விட்டார். ஸ்டாவ்ரோவைப் பிறகு வண்டியில் அனுப்புவதாகப் பேச்சு. ஸ்டாவ்ரோ என்பது நாய். தனக்குப் பிடிக்காத மூத்த மச்சினரின் பெயரை அந்த அம்மாள் வேண்டுமென்றே நாய்க்கு வைத்திருந்தார். பிறகு நாயை மட்டும் உயிராக வளர்த்தார்.

கிளம்புகிற அன்று அவர் காரிலிருந்து கழுத்தை நீட்டிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அவன் படுக்கிற இடத்த மட்டும் மாத்திடாத மெலூசி. என் நாற்காலி பக்கத்துல, கம்பளத்துலயே படுக்கட்டும். மாத்தினா நான் செத்துட்டேன்னு நினைச்சுக்குவான்."

மெலூசி மாற்றவில்லை. தினமும் சாயங்காலம் சமையலறைக் கதவைத் திறந்து நாயை உள்ளே விடுவார், விடிந்ததும் வெளியே விடுவார். அந்த வீட்டில் மூச்சு விடுகிற ஜீவன் அது ஒன்றுதான். நாற்காலிகள் எல்லாம் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு நின்றன.

ஆகஸ்ட் கடைசியில் வெயில் ஏறியது. நாய் சொறிய ஆரம்பித்தது. முதலில் காதுக்குப் பின்னால், பிறகு வயிற்றில், அப்புறம் வால் அடியில். செப்டம்பரில் மெலூசி கூப்பிட்டதன் பேரில் பயணச் சான்றிதழ் எழுத வந்த கால்நடை டாக்டரம்மா முதுகைப் பார்த்தார், வயிற்றைத் திருப்பிப் பார்த்தார், பேனாவை மூடிவிட்டார்.

"இந்த ரணத்தோட எல்லை தாண்ட விடமாட்டாங்க. தோல் ஆறி முடி முளைக்கட்டும், அப்புறம் கூப்பிடுங்க. தெள்ளுப்பூச்சி ஏதாவது இருக்கா?"

"மேடம் வீட்டுலயா? தெள்ளுப்பூச்சியா?" என்றார் மெலூசி. அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "வாரம் தவறாம நான்தான் பெருக்குறேன் டாக்டர்."

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்து மேலே கேட்கவில்லை. அரிப்புக்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வீம்புக்காரனிடம் கேள்வி கேட்டால் இப்படித்தான் பதில் கிடைக்கும். ஒரு கேள்வியில் தீர்ந்திருக்க வேண்டியது ஒன்றரை மாதம் இழுத்தது.

அன்றிலிருந்து தினமும் மாலை ஐந்து மணிக்கு மெலூசியின் பட்டன் போன் அடிக்கும்.

"எப்படி இருக்கான்?"

"இன்னும் ஆறல மேடம்."

"அப்போ இந்த வாரமும் வர முடியாதா?"

"முடியாது மேடம்."

ஒரு பெருமூச்சு கேட்கும். "சரி, அவன் காதுகிட்ட வை." மெலூசி போனை நாயின் காதில் வைப்பார். ஜோபர்க்கிலிருந்து கிரேக்க மொழியில் ஏதோ கொஞ்சல் வரும். நாய் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே பின்னங்காலால் வயிற்றைச் சொறியும்.

மெலூசி தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தார். துணி துவைக்கிற பச்சை சோப்பைப் போட்டுத் தினமும் குளிப்பாட்டினார். அதுவும் குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் தண்ணீர் வருகிற ஊரில், பீப்பாயில் பிடித்து வைத்த நீரில். தோல் காய்ந்து வெடித்து இன்னும் மோசமானது. பக்கத்து வீட்டில் சமைக்கிற மாகும்போ மதில்மேல் முழங்கையை ஊன்றி வேடிக்கை பார்ப்பாள்.

"அண்ணே, உங்க மேல கூட இவ்வளவு சோப்பு பட்டிருக்காது."

"வேலை இல்லையா உனக்கு?"

"எங்க ஊரு சோலோட்ஷோல இதுக்கெல்லாம் ஒரே மருந்துதான். லாரிலேருந்து வடிச்ச பழைய என்ஜின் ஆயில். தலையிலேருந்து வால் வரைக்கும் பூசி விட்டா மறுநாள் சொறி இருக்காது."

"நாய் இருக்குமா?"

மாகும்போ சற்று யோசித்தாள். "எங்க மாமாகிட்ட மூணு நாய் இருந்துச்சு," என்றாள். "ஒண்ணு இருக்கு."

ஊரில் பாதிப் பேர் இன்னும் அந்த எண்ணெயைத்தான் பூசுகிறார்கள். நாய் அதை நக்கும், வெயிலில் அதன் தோல் வெந்து போகும். மெலூசி அந்தப் பக்கமே போகவில்லை.

அக்டோபர் இரண்டாம் வாரம். மழை வருவதற்கு முன்னால் எங்கள் ஊர் காய்ந்த அடுப்பாகக் கிடக்கும் காலம். வெள்ளைத் துணிகளை உதறி மடிக்க மெலூசி கூடத்துக்குள் போனார். அந்த அம்மாளின் நாற்காலியில் கிடந்த துணியின் ஓரத்தில் மிளகுத்தூள் சிந்தினாற்போல் இருந்தது. கையால் தட்டினார். மிளகுத்தூள் குதித்தது.

கம்பளத்தில் மண்டியிட்டு அதன் இழைகளை விலக்கிப் பார்த்தார். மூன்று மாதம் சாத்திக் கிடந்த வீடு, இந்தச் சூடு, இந்தக் கம்பளம். உள்ளே தெள்ளுப்பூச்சி ஒரு ஊரே குடி வந்திருந்தது. நாயின் மேல் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இரவெல்லாம் இங்கேதானே படுக்கிறது. தன் கணுக்காலில் இருந்த சிவப்புத் தடிப்புகளைப் பார்த்தார். கொசு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று குழந்தைக்கும் தெரியும். மெலூசிக்கும் தெரிந்தது. ஆனால் துணியை மறுபடியும் நாற்காலியில் போர்த்திவிட்டு வெளியே வந்துவிட்டார்.

சொறி ஆறினால் நாய் போய்விடும். அவ்வளவுதான் விஷயம். இருபத்தொன்பது வருடமாகக் கூப்பிடுவதற்கு ஒரு குரல் இருந்த வீடு அது. இப்போது "மெலூசி" என்று கூப்பிட ஆள் இல்லை. ஆனால் காலையில் கதவைத் திறந்தால் வாலை ஆட்டிக்கொண்டு வர ஒன்று இருந்தது. அதுவும் போனால் சோளக்களியைக் கிளறி, கருவாட்டைச் சுட்டு, சுவரைப் பார்த்துத் தின்ன வேண்டியதுதான். இந்த வயதில் பேச்சுத்துணை இல்லாத மனிதன் தன்னோடு தானே பேச ஆரம்பிப்பான். அப்படிப் பேசிக்கொண்டு திரிகிற இரண்டு பேரை மெலூசிக்குத் தெரியும்.

அன்று மாலையும் கதவைத் திறந்து நாயை உள்ளே விட்டார். மறுநாளும் விட்டார். மூன்றாம் நாளும் விட்டார். ஐந்து மணிக்கு "இன்னும் ஆறல மேடம்" என்று சொன்னபோது அது பொய் இல்லைதான். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அவருக்கு அன்று களி இறங்கவில்லை.

நான்காம் நாள் மதியம் நாய் வால் அடியைக் கடித்துக் கடித்து ரத்தம் வர வைத்துக்கொண்டது. மெலூசி பக்கத்தில் போனதும் கடிப்பதை நிறுத்திவிட்டு வாலை ஆட்டியது. அந்த வாலில் ரத்தம் இருந்தது. மெலூசிக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"வாடா," என்றார். "நான் மனுஷனே இல்லடா. வா."

நாயைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் சிமெண்ட் தரையில் படுக்க வைத்தார். திரும்பி வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையும் கேட்காமல், கூடத்துக் கம்பளத்தைச் சுருட்டி வெளியே இழுத்தார். இரண்டு ஆள் தூக்குகிற கனம். வெயிலில் விரித்துப் போட்டு மண்வெட்டிக் காம்பால் அடித்தார். நாயின் போர்வையைக் கொதிக்கிற நீரில் அமுக்கினார். கூடத்துத் தரைப்பலகைகளின் இடுக்கெல்லாம் பெருக்கி, குப்பையைத் தீ வைத்தார். ஜன்னல்களைத் திறந்து வைத்தார்.

மாகும்போ மதிலுக்கு வந்துவிட்டாள். "என்ன அண்ணே, வீடு வித்துட்டாங்களா?"

"இல்ல."

"நாய் உங்க ரூம்ல படுத்திருக்கு."

"ஆமா."

"ஐயோ பாவம். துரை வீட்டு நாய், கடைசில வேலைக்காரன் குடிசைக்கு வந்துடுச்சே." சிரித்தாள். அப்புறம் கம்பளத்தின்மேல் குதிப்பதைப் பார்த்துவிட்டுப் பத்தடி பின்னால் போனாள்.

அதற்குப் பிறகு வைத்தியம் பெரிதாக ஒன்றும் இல்லை. மருந்துக்கடையில் நாய்க்கென்றே விற்கிற பூச்சிப் பொடியை முடிக்குள் தூவி, பல் நெருங்கிய சீப்பால் வாரினார். சோப்பை நிறுத்தினார். ரூய்பாஸ் என்கிற சிவப்புத் தேயிலையைக் காய்ச்சி, நன்றாக ஆற வைத்து, புண் இருக்கிற இடத்தில் துணியால் ஒற்றி எடுத்தார். பால் சர்க்கரை இல்லாத குறை ஒன்றுதான், நாய் தேநீர்க்கடை வாசனை அடித்தது. நடக்கக் கூட்டிப்போவதை வெயிலுக்கு முன்னால் வைத்துக்கொண்டார். திரும்பியதும் பாதத்திலும் வயிற்றிலும் ஒட்டிய புல்தூசை ஈரத்துணியால் துடைத்து, விரலிடுக்கை உலர்த்திவிட்டார். மதியத்தில் மரத்தடியில் நனைத்த சாக்கைப் போட்டால் நாய் அதில் வயிற்றை ஒட்டிக்கொண்டு நாலு மணி வரை தூங்கியது.

அந்த மூன்று வாரமும் மெலூசி சந்தோஷமாக இருந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். களி கிளறும்போது நாய் கால்மாட்டில் படுத்திருக்கும். அவர் மகன்களைப் பற்றியும் மனைவியைப் பற்றியும் அதனிடம் சொன்னார். நாய் குறுக்கே பேசவில்லை. முதுகில் செம்பட்டை முடி குறுகுறுவென்று முளைத்து வந்தது. ஒவ்வொரு நாளும் அதைத் தடவிப் பார்ப்பார். பெருமையாக இருக்கும், உடனே கையை எடுத்துவிடுவார்.

நவம்பர் முதல் திங்கட்கிழமை ஐந்து மணிக்குப் போன் அடித்தது.

"எப்படி இருக்கான்?"

மெலூசி எழுந்து நின்றுகொண்டார். "ஆறிடுச்சு மேடம். முடியெல்லாம் வந்துடுச்சு. வியாழக்கிழமை டாக்டர வரச் சொல்லியிருக்கேன். சனிக்கிழமை வண்டில ஏத்திடலாம்."

அந்தப் பக்கத்திலிருந்து "அப்படியா," என்று மட்டும் கேட்டது. நாயின் காதில் வைக்கச் சொல்லாமலே போன் நின்றுவிட்டது. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று மெலூசி நினைத்துக்கொண்டார். தனக்குக் கண்ணில் நீர் வந்ததற்கு அவர் எந்தக் காரணமும் தேடவில்லை.

மறுநாள் காலை தானாஸி கூப்பிட்டார். அரைக்கால் சட்டை போட்டிருந்த வயதிலிருந்தே மெலூசிக்கு அவரைத் தெரியும்.

"மெலூசி, டாக்டர யார் வரச் சொன்னா?"

"மேடத்துக்காக நான்தான் பாஸ். அவங்க தினமும் கேக்குறாங்களே."

"இங்க நாய் வச்சுக்க விடமாட்டாங்க மெலூசி. அம்மா இருக்கிறது முதியோர் இல்லம். சேர்த்த அன்னிக்கே சொல்லிட்டாங்க. அம்மா கையெழுத்துப் போட்ட காகிதத்துலயே இருக்கு."

"மேடத்துக்குத் தெரியுமா?"

"ஆகஸ்ட்லேருந்து தெரியும்." தானாஸியின் குரல் இறங்கியது. "நேத்து ராத்திரி சாப்பிடல. என்னோடயும் பேசல. நாய நீயே வச்சுக்கோ. மத்தத நான் பாத்துக்கறேன்."

மெலூசி அறை வாசலில் உட்கார்ந்தார். நாய் தனக்குத்தான் என்று ஆகிவிட்டது. குதிக்க வேண்டிய நேரம், ஆனால் அவர் அந்த ஐந்து மணிப் பேச்சுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். இரண்டு மாதமாக ஒவ்வொரு சாயங்காலமும் அந்த அம்மாள் தெரிந்தேதான் கேட்டிருக்கிறார். சொறி இருக்கிறவரைக்கும் நாய் அடுத்த வாரம் வரும். சொறி இருக்கிறவரைக்கும் யாரும் அவரிடம் முடியாது என்று சொல்லத் தேவையில்லை. அதைத்தான் தேநீரை ஒற்றி ஒற்றித் தான் ஆற்றிவிட்டோம் என்று மெலூசிக்குப் புரிந்தது.

டாக்டருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றார்.

ஐந்து மணி ஆயிற்று. போன் அடிக்கவில்லை. ஐந்தே கால் ஆயிற்று. இத்தனை வருடத்தில் மெலூசி எஜமானியைத் தானாகக் கூப்பிட்டதே இல்லை. அன்று கூப்பிட்டார்.

"என்ன?" என்றது ஒரு சின்னக் குரல்.

நாய் சிமெண்ட் தரையில் நான்கு காலையும் நீட்டிப் படுத்திருந்தது. வயிற்றில் ஒரு சிவப்புப் பொட்டு இல்லை. மெலூசி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மேடம், மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு. காலைலேருந்து சொறிஞ்சுகிட்டே இருக்கான்."

"டாக்டர்?"

"வரவேண்டாம்னு சொல்லிட்டேன் மேடம். இந்த நிலைமைல எல்லை தாண்ட விடமாட்டாங்க."

"நீ சோப்பு போட்டிருப்ப," என்றார் அந்த அம்மாள். குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. "தினமும் சோப்பு போட்டிருப்ப. உனக்கு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? ஒரு வேலைய ஒழுங்கா செய்யத் தெரியுதா உனக்கு? இருபத்தொன்பது வருஷமா இதே கதைதான்."

"ஆமா மேடம்."

"வெயில்ல விட்டிருப்ப."

"விட்டுட்டேன் மேடம்."

கால் மணி நேரம் திட்டு விழுந்தது. மெலூசி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கடைசியில் அந்த அம்மாள் களைத்துப் போய் நிறுத்தினார்.

"ஆறறதுக்கு நாள் ஆகுமா மெலூசி?"

"ரொம்ப நாள் ஆகும் மேடம்," என்றார் மெலூசி.