வெர்னா எழுந்து நின்ற ஆட்டம்

"நம்ம டீமுக்கு இது ஐம்பதாவது வருஷம் வெர்னா. முதல் ஆட்டத்துல நடு ஐஸ்ல நின்னு, ஆட்டத்தை ஆரம்பிச்சுவைக்க வட்டை நீதான் போடணும்," என்றார் க்ளென். பேட்ஜர்ஸ் ஐஸ் ஹாக்கி அணி நிர்வாகத்தின் தலைவர் அவர். பள்ளியில் வெர்னாவுக்குப் பின்பெஞ்சு. பனி ஒட்டிய பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, சமையலறை மேசையில் அவள் செய்த பெரோகிக் கொழுக்கட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மேயரைக் கூப்பிடு."

"அவரு குனிஞ்சா நிமிர மாட்டாரு."

"எனக்கு மட்டும் முட்டி புதுசா?"

"விளையாடாத. இந்த ஊர்ல டீம் பசங்களை உன்னை மாதிரி வீட்ல வச்சு வளர்த்தவங்க வேற யாரு?"

"அதனாலதான் வேணாங்கறேன்."

க்ளெனுக்கு விளங்கவில்லை. யோசித்துச் சொல் என்று கடைசிப் பெரோகியையும் முடித்துக்கொண்டு கிளம்பினார்.

லார்ச்மண்டில் அணி தொடங்கிய குளிர்காலத்தில் ஆடுகளத்துக்குக் கூரைகூட இல்லை. ஆடவந்த பையன்கள் மீசை முளைக்கும் வயதில் தூரத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஆளுக்கொரு வீடு அவர்களை ஏற்றுக்கொண்டது; வெர்னாவின் வீடும் அதில் ஒன்று. சோறு போடவேண்டும், ராத்திரி வீடு திரும்பினானா என்று பார்க்கவேண்டும், உடம்புக்கு ஏதாவது என்றால் கோச்சுக்குச் சொல்லவேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. பிறகு கட்டிய ஆடுகளக் கட்டடம் தீப்பிடித்து எரிந்த வருஷம் மொத்த அணியின் ஈர உடைகளும் வெர்னாவின் கார் ஷெட்டில்தான் காய்ந்தன. வீட்டின் அடித்தள அறைச் சுவரில் பையன்கள் அடித்த வட்டு பட்ட பள்ளங்களை அவள் பூசவிட்டதே இல்லை.

கெல்பி அவள் வீட்டுக்குத் தங்க வந்தது பல வருஷம் கழித்து. முட்டையில்லாமல் காலை விடியாது அவனுக்கு. மார்ச் மாத நாக் அவுட் ஆட்டத்துக்கு முந்தின நாள், பயிற்சியில் களத்தைச் சுற்றியுள்ள தடுப்புப் பலகையில் தலை மோதி விழுந்தான். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தான்.

"ம்மா, கோச்சுகிட்ட சொல்லிடாதீங்க. நாளைக்கு என்னைப் பாக்கப் பெரிய டீம்காரங்க வராங்க."

வெர்னா போனைக் கையில் எடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். வைத்துவிட்டாள்.

ஆட்டநாள் மதியம் பையன்கள் தூங்குவது வழக்கம். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றான். அவளே திரையை இழுத்துவிட்டாள்.

அன்று கெல்பி ஒரு கோல் போட்டான். வெர்னா எழுந்து நின்று தொண்டை கட்டும்வரை கத்தினாள். கடைசிப் பகுதியில் எதிரணிப் பையன் ஒருவன் தோளால் இடித்தான். தினமும் விழுகிற இடிதான். கெல்பி எழுந்திருக்கவில்லை. பிறகு அவன் ஆடவே இல்லை. இடித்தவனுக்குத் தடை விதித்தார்கள். அடுத்த சீசனில் அவன் இங்கே ஆட வந்தபோது ஊரே கூடி ஊளையிட்டது. கூட்டத்தில் வெர்னா வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது கெல்பி பக்கத்து ஊரில் டிராக்டர் பழுதுபார்க்கிறான். வெளிச்சம் தாங்காமல் வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் வருவான். அந்தக் கண்ணாடி ஒரு விதத்தில் அவளுக்குச் சௌகரியம். அவன் கண்களைப் பார்க்கவேண்டியதில்லை.

க்ளெனின் வண்டிச் சத்தம் அடங்கியதும் கெல்பியைத்தான் போனில் அழைத்தாள்.

"அன்னிக்கு நான் போனை எடுத்தேன் கெல்பி. எடுத்துட்டு வச்சுட்டேன். பாவம், அந்தப் பையன் மேல பழி விழுந்துச்சு. இத வச்சுக்கிட்டு நான் எப்படி ஐஸ்ல போய் நிப்பேன்? க்ளென்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடப்போறேன். உனக்கு முதல்ல சொல்லணும்ல."

அந்தப் பக்கம் யாரோ சுத்தியலால் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் கதவைச் சாத்தியிருக்கவேண்டும், சத்தம் நின்றது.

"சொல்லுங்கம்மா. நான்தான் கெஞ்சினேன்னும் சேத்துச் சொல்லுங்க."

"நீ சின்னப்பையன்டா."

"சரி, அதையும் சொல்லுங்க." லேசாகச் சிரித்தான். பிறகு, "ம்மா, ஒண்ணு கேக்கவா?" என்றான்.

"கேளு."

"அந்த ஆட்டம் எனக்கு ஞாபகமே இல்ல. கோல் போட்டேங்கறாங்க. வேற யார்கிட்டயும் கேக்க மனசு வரல. நீங்க பாத்தீங்கல்ல? எப்படிப் போட்டேன்னு சொல்லுங்கம்மா."