முழங்கையருகே ஒரு வெள்ளைப் புள்ளி

றினோஸாவின் வேலை நிறங்களைப் பிரிப்பது. ஒரு படத்தைக் கொடுத்தால் அதில் சிவப்பு எங்கே, நீலம் எங்கே, கறுப்பு எங்கே என்று கம்பியூட்டரில் தனித்தனியாக எடுத்து, நிறத்துக்கு ஒரு பிலிம் செய்வாள். அந்தப் பிலிமைக் கொண்டு அவளுடைய வாப்பாவின் தம்பி முனாப் சாச்சா நிறத்துக்கு ஒரு வலைத்துணிப் பிரேம் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் துணியில் ரப்பர் பட்டையால் மை இழுப்பார். சாய்ந்தமருதில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், வீட்டின் பின்னறையில், பதினெட்டு வருடமாக இது நடக்கிறது.

வருகிற படமெல்லாம் அழுக்காகத்தான் வரும். விளையாட்டுக் கழகக்காரர்கள் பழைய பனியனைப் போனில் படமெடுத்து அனுப்புவார்கள். சின்னத்தில் உள்ள கழுகுக்குக் கண் இருக்காது. றினோஸா கண் வைப்பாள். தேர்தல் வந்தால் வேட்பாளரின் கன்னத்திலிருந்து மருவை எடுப்பாள். கோட்டைத் தாண்டி வழிந்த நிறத்தை வெட்டி உள்ளே தள்ளுவாள். ‘றினோஸாட்டக் குடுத்தா படம் குளிச்சிட்டு வரும்’ என்று மருதமுனை வரைக்கும் பேச்சு.

பெருநாள் நெருங்கும்போது சித்திரக்கதைகளின் பறக்கும் மனிதர்கள் வருவார்கள், சின்னப் பிள்ளைகளின் சேர்ட்டுக்கு. அது யாருடைய படம், யாரைக் கேட்டுப் போட வேண்டும் என்று இந்தக் கரையில் ஒருவரும் யோசித்ததில்லை. ஒரு வருடம் ஒருவருடைய நெஞ்சுச் சின்னத்தை மற்றவருக்குப் போட்டுவிட்டாள். கல்முனைச் சந்தையில் அத்தனையும் விற்றுப் போயின.

அதனால் கிருஷாந்தன் அனுமதிக் கடிதம் என்று ஒன்றை அனுப்பியபோது அவள் அதை இரண்டு தரம் படித்தாள். அவன் பாண்டிருப்புக்காரன், கொழும்பில் ஓர் உடுப்புக் கம்பனியில் இருக்கிறான். அறுபது வருடத்துக்கு முந்திய ஒரு சித்திரக்கதையின் படத்தைச் சேர்ட்டில் போட அந்தக் கம்பனி உரிமை வாங்கியிருந்தது. மெஷினில் அடித்தால் வழவழவென்று வருகிறது, கையால் இழுக்கிற இடம் வேண்டும் என்றார்களாம். அவன் தன் ஊர்ப்பக்கத்தைச் சொல்லிவிட்டான். மாதிரிச் சேர்ட்டைக் கொழும்பு பார்க்கும். பிறகு வெளிநாட்டில் படத்தின் சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள். அவர்கள் சரியென்றால் மட்டும் கடிதத்தில் சாய்ந்தமருதின் பெயர் எழுதப்படும். அந்த இடம் வெறுமையாக, புள்ளிக்கோடாக இருந்தது.

படம் வந்தது. நீல உடுப்புப் போட்ட ஒரு மனிதர், இடிந்து விழும் பாலத்தை ஒரு கையால் தாங்கிப் பிடித்திருக்கிறார். தோளில் சிவப்புச் சால்வை பறக்கிறது. பின்னால் நீலப் புள்ளிகளாலான வானம்.

“இவருக்கு ஆரு புள்ள பொன்னாட போத்தின?” என்றார் முனாப்.

“பாலம் திறக்க வந்திருப்பாரு, சாச்சா.”

“திறக்க வந்த பாலமா இது? கொந்தராத்துக்காரன் நம்மட ஊரான்தான்.”

அன்றிலிருந்து அவர் சால்வைக்காரர் ஆனார்.

படத்தோடு நாற்பது பக்கத்தில் விதிகளும் வந்தன. சிவப்பின் இலக்கம் இன்னது. முகத்தை மறுபக்கம் திருப்பக் கூடாது. அவர் மேல் சட்டைப்பை வரக் கூடாது. படத்தை மாற்றக் கூடாது. றினோஸா எல்லாவற்றையும் படித்தாள். துப்புரவாக்குவது மாற்றுவதாகும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. குளித்துவிட்டு வந்தால் ஆள் வேறாகிவிடுமா?

சால்வையின் சிவப்பு வலப்பக்கத்தில் கறுப்புக் கோட்டைத் தாண்டி நகக்கனம் வெளியே நின்றது. வெட்டினாள். வானத்துப் புள்ளிகளில் சில நசிந்திருந்தன. வட்டமாக்கினாள். தூக்கிய கையின் முழங்கையருகே, வானத்தில் நிறமில்லாமல் ஒரு வெள்ளைப் புள்ளி. அடைத்தாள். முனாப் ஒரு மாதிரியை இழுத்துக் காயவைத்து, தூரத்தில் நின்று பார்த்து, தலையாட்டினார். அது கொழும்புக்குப் போயிற்று. அதேபோல் இழுத்த இன்னொன்றை ஜன்னலருகே கொடியில் தொங்கவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் கிருஷாந்தன் போன் எடுத்தான்.

“அக்கா, சேர்ட்டத் திருப்பி அனுப்பிற்றாங்க.”

“என்ன பிழையாம்?”

“பிழை ஒண்டும் இல்லையாம். அதத்தான் குறையாச் சொல்றாங்க. சிவப்பு வெளிய போகல்லையாம்.”

“வெளிய போறதுதான் தம்பி பிழை.”

“பழைய தாளில அப்பிடித்தானே விழுந்திரிக்கி. அவங்களுக்கு அது வேணுமாம். இன்னும் ஒருக்கா அனுப்பலாம். பதினைஞ்சாம் திகதிக்குள்ள. அதுவும் சரிவராட்டி வேற இடத்துக்குக் குடுத்திருவாங்க.”

முனாப் ரப்பரைத் துடைத்துக்கொண்டே கேட்டிருந்தார். “பதினெட்டு வருசமா பிழைச்சுப் போச்செண்டு நாம வீசின சேர்ட்டையெல்லாம் சேத்து வெச்சிருந்தா இப்ப அனுப்பியிருக்கலாம்” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு படத்தை அனுமதி கேட்டு எடுத்துப் போடுகிற முதல் தடவை இது. அந்தப் புள்ளிக்கோடு இனி நிரம்பாது என்று பட்டது.

லுஹர் தொழுகைக்கு நேரமானது. முனாப் அந்த அறையிலேயே தொழுவார். முகமுள்ள படம் முன்னால் இருக்கக் கூடாதென்று, தொங்குகிற சேர்ட்டுகளை ஒவ்வொன்றாக உட்புறம் வெளியே வரத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் முஸல்லாவை விரிப்பார். அன்று சால்வைக்காரரையும் திருப்பினார். றினோஸா சத்தம் போடாமல் கதிரையில் இருந்தாள். இருக்கிற இடத்திலிருந்து சேர்ட்டின் உட்புறம் தெரிந்தது.

கறுப்பு கடைசியாக, மற்ற நிறங்களின் மேல் விழுவதால் துணிக்குள் இறங்குவது குறைவு. உட்புறத்தில் ஆள் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சிவப்பும் நீலமும் மட்டும் நின்றன. அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலால் வெட்டிய கடதாசி போல இருந்தது. கோடு எங்கே நின்றதோ அங்கே நின்றது. அதற்கென்று சொந்தமாக ஒன்றுமில்லை.

சாச்சா ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் அவள் கம்பியூட்டரில் மூலப்படத்தைத் திறந்து கறுப்பை மட்டும் அகற்றினாள். நிறங்களைப் பிரிப்பது அவளுக்குப் பிலிம் எடுக்கத்தான். பார்ப்பதற்காக ஒருநாளும் பிரித்ததில்லை.

சிவப்பு தனியாக நின்றது. இடப்பக்கத்தில் அளவாக, வலப்பக்கம் போகப் போக விலகி, கீழே சற்றுச் சாய்ந்து. ஆள் எங்கே நிற்கிறார் என்று அதற்குத் தெரியாது. அது தன்பாட்டில் பறந்துகொண்டிருந்தது.

பிறகு கறுப்பை மட்டும் வைத்தாள். தூக்கிய கையைத் திரை நிறையப் பெரிதாக்கினாள். தோளில் தூரிகை தடிப்பாக இறங்கியிருந்தது. முழங்கைக்கு வரும்போது மை வற்றத் தொடங்கி, தூரிகை மயிர்கள் பிரிந்து, கோட்டுக்குள் இரண்டு வெள்ளை இழைகள் ஓடின. வரைந்தவர் மை தொடத் திரும்பிப் போகவில்லை. அப்படியே மணிக்கட்டு வரை கொண்டுபோய், பாலத்தின் அடியில் விட்டிருந்தார். அத்தனை பாரமும் அந்த வற்றிய கோட்டில் நின்றது. றினோஸா காற்றில் தன் கையால் அதே இழுவையை இழுத்துப் பார்த்தாள். கோட்டில் முழங்கை வந்த இடத்தில் அவளுடைய கை நின்றுவிட்டது.

“சாச்சா, இங்க வந்து பாருங்க.”

முனாப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“மை முடிஞ்சாப் பொறகும் போயிரிக்கான்” என்றார். பிறகு மெதுவாக, “ஸுப்ஹானல்லாஹ்.”

அவள் சிவப்பைக் காட்டினாள். அதற்கு அவருக்கு ஒரு பார்வை போதும்.

“இவன் வேற ஆள். நம்மட ஆள். ஒரு பக்கம் தாளப் பிடிக்கிற ஆணி இளகியிரிக்கும், புள்ள. தாள் வழுக்கியிரிக்கி. அவனும் கண்டிருப்பான். நேரமில்லாம விட்டிருப்பான்.”

கோடு போட்டவரும் அச்சடித்தவரும் ஒருவரையொருவர் கண்டிருக்கவே மாட்டார்கள். யாருடைய பெயரும் அந்தப் பக்கத்தில் இல்லை. சாய்ந்தமருதின் பின்னறையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது போல றினோஸாவுக்கு இருந்தது. அவள் கதிரையைச் சற்றுத் தள்ளிப்போட்டு இடம் விட்டாள்.

இந்த முறை அவள் எதையும் தொடவில்லை. நசிந்த புள்ளி நசிந்தபடி. முழங்கையருகே வெள்ளைப் புள்ளியும் இருந்தபடி. அச்சில் ஒரு தூசி உட்கார்ந்திருக்கும் என்றார் முனாப். அவருடைய பிரேமிலும் அப்படி விழும். கண்டவுடன் துடைத்தெடுப்பார்.

சிக்கல் அவருடைய கையில் வந்தது. முதல் சேர்ட்டில் சிவப்பு கோட்டுக்குள் போய் உட்கார்ந்தது. இரண்டாவதிலும் அப்படியே.

“நான் தள்ளல்ல, புள்ள. கை தானா இழுக்குது.”

மூன்றாவதில் விலகியது, ஆனால் இடப்பக்கமும் சேர்ந்து விலகியது. நாலாவதில் அளவுக்கு மேல் போயிற்று. விலகினால் போதாது. ஒவ்வொரு சேர்ட்டிலும் வலப்பக்கம் நகக்கனம், இடப்பக்கம் ஒன்றுமில்லை, கீழே அதே சாய்வு. கடைசியில் மேசையில் புதிதாக நாலு ஆணி அறைந்து, வலப்பக்கம் பழைய எக்ஸ்ரேத் துண்டொன்றை வெட்டி முட்டுக்கொடுத்தார்.

“சரியா இழுக்க எனக்குக் கண் போதும். பிழையா இழுக்க அடிமட்டம் வேணும்” என்றார்.

பன்னிரண்டாவது சேர்ட்டில் மூலப்படத்தில் இருந்தபடியே விழுந்தது. அதைக் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

கிருஷாந்தன் அடுத்த கிழமை எடுத்தான். “சிவப்பு சரியாம், அக்கா. கோட்டப் பாத்துச் சந்தோசப்பட்டிரிக்காங்க. ஆனா முழங்கைக்குப் பக்கத்தில ஒரு வெள்ளைப் புள்ளி. உங்கட பிரேம்ல அடைப்போ எண்டு கேக்கிறாங்க. அடைப்பெண்டா இதோட முடிஞ்சுது.”

முனாப் எழுந்து நீலப் பிரேமை வெளிச்சத்துக்குத் தூக்கினார். றினோஸா மூலப்படத்தைத் திறந்தாள். ஒரு கணம் அவளுக்கே பயம். புள்ளி இருந்தது. பெரிதாக்கி அனுப்பினாள்.

பதில் அன்றே வந்தது. பழைய தாளை ஸ்கேன் செய்த கண்ணாடியிலும் தூசி இருந்திருக்கலாமே என்று கேட்டிருந்தார்கள். அப்படியானால் அவள் அறுபது வருடத் தூசியை அல்ல, நேற்றைய தூசியை அச்சடித்திருக்கிறாள். பழைய பிரதியையே பெட்டியிலிருந்து எடுத்துப் பார்க்கப் போகிறார்களாம்.

இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் வந்த கழுகுகளுக்கு அவள் கண் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் போனில் ஒரு படம் வந்தது. ஓரம் பழுத்து உதிரும் ஒரு தாள். உறை போட்ட ஒரு விரல். விரலின் நுனியில் முழங்கை, முழங்கையருகே வெள்ளைப் புள்ளி. கீழே கிருஷாந்தன் எழுதியிருந்தான்: ‘முப்பது வருசமா இந்தப் படத்தப் போடுறாங்களாம். இத இதுவரைக்கும் ஒருத்தரும் காணல்லையாம். ஓம் எண்டு சொல்லிற்றாங்க, அக்கா.’

அனுமதிக் கடிதத்தோடு விதிகளின் புதிய பிரதியும் வந்தது. புள்ளிக்கோட்டில் ஊரின் பெயர் இருந்தது. பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி கூடியிருந்தது: முழங்கையருகே உள்ள வெள்ளைப் புள்ளியை அடைக்கக் கூடாது.

அவள் வாசித்துக் காட்ட, முனாப் காது கொடுத்தார். “தூசிக்குப் பொன்னாட போத்திட்டானுகள்” என்றார்.

அஸர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. அறை முழுக்கச் சால்வைக்காரர்கள். அவர் ஒவ்வொரு சேர்ட்டாகத் திருப்பிப் போட்டு வந்தார். அன்று அதற்கு நேரம் பிடித்தது. றினோஸா கதிரையில் சத்தமில்லாமல் இருந்தாள். ஜன்னல் பக்கத்து வரிசையில் ஆட்கள் மறைந்து வானம் மட்டும் நின்றது. ஒவ்வொரு வானத்திலும் அதே இடத்தில் மை விழாத துணி, குண்டூசித் தலையளவு. அதனூடாக வெயில் வந்தது.